மூணாவதுக்கு உப்பு ஆகாது

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இரண்டு. ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு முதலிலிருந்து எண்ணிப் பார்த்தார், அப்போதும் இரண்டுதான். ஒன்று மீன் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு வெளுத்த அடிவயிற்றைக் காட்டியபடி தொங்கியது. இன்னொன்று மரக்கட்டைக்கு அடியில் தலையைச் செருகி வாலை மட்டும் வெளியே விட்டிருந்தது. மூன்றாவதைக் காணோம். முப்பத்து மூன்று வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவருக்கு ஒன்று குறைவது என்றால் என்ன என்று தெரியும். காலையில் ஷெட்டை விட்டுப் போன வண்டி ராத்திரி ஷெட்டுக்கு வந்தாக வேண்டும். வரவில்லையா, எங்கேயோ பிரேக்டவுன் ஆகி நிற்கிறது, இல்லை எங்கேயோ மோதியிருக்கிறது, இல்லை டிராபிக்கில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது. நாலாவதாக ஒன்று கிடையாது. பஸ் காணாமல் போகாது என்று எத்தனை புது ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறார். மீனும் போகாது. நாலு பக்கம் கண்ணாடி, மேலே மூடி, உள்ளே ஒரு கட்டை, ஒரு மண் சட்டி, ஒரு ஃபில்டர். இதற்குள் ஒரு சாண் நீளமுள்ள சக்கர் மீன், முதுகெல்லாம் மரப்பட்டை மாதிரி ஓடு உள்ளது, எங்கே போகும். நேற்று இருந்ததா? நேற்று இருந்தது. இருந்ததா என்று யாராவது அழுத்திக் கேட்டால் இருந்தது என்று சொல்ல முடியுமா? அதுதான் இப்போது விஷயம். மற்ற நாளாக இருந்தால் போகிறது, தானாக வரும் என்று விட்டுவிடலாம். இன்றைக்கு ஐந்து மணிக்கு ஹேமலதா வருகிறாள், கூட மாப்பிள்ளை பிரபாகரும். “வந்து உக்காந்து பேசி ஒரு முடிவு பண்ணிடலாம்பா” என்று மகள் போனில் சொன்னபோது என்ன முடிவு என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். இந்த வில்லிவாக்கம் வீட்டைக் காலி செய்வது, அவரைத் தாம்பரத்துக்குக் கூட்டிப் போய் அவர்கள் வீட்டு உள் அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுப்பது. எல்லாம் அந்த ரயில்வே ஸ்டேஷன் விஷயத்தால் வந்தது. மழை பெய்ததால் குடையோடு ஸ்டேஷனுக்குப் போய் மனைவி மனோன்மணி வருகிற வண்டிக்காக நின்றார், வண்டி வரவில்லை, இன்னொரு வண்டி வந்தது, அதிலும் அவள் இல்லை, கீழ் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு “என்ன சார் இங்க நிக்கிறீங்க” என்று கேட்டதற்கு “மணி வர்ற வண்டி லேட்டு” என்றார். மனோன்மணி செத்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொன்ன அடுத்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான், கீழ் வீட்டுக்காரர் அன்றைக்கே தாம்பரத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

மூடியில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. மோட்டார் வயர் போவதற்காக உடைத்தது. அந்த வழியாக ஒரு எலி போகலாம், சக்கர் போகுமா? போகும் என்று வைத்துக்கொள்வோம். விழுந்தால் சத்தம் கேட்டிருக்கும். மதியம் அவர் தூங்கினார். தூங்கினாரா, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாரா? ஏகாம்பரம் ஒரு கையால் சுவரைப் பிடித்து மெதுவாக முழங்காலைத் தரையில் ஊன்றி, டார்ச்சை அடித்து சோபாவுக்கு அடியில் பார்த்தார். ஒரு பேனா மூடி, ஒரு ரப்பர் வளையம், பேரன் எப்போதோ விட்டுப்போன பிளாஸ்டிக் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு. பிரிட்ஜுக்கு அடியில் ஈரம், அது பிரிட்ஜின் ஈரம். சக்கர் தண்ணீருக்கு வெளியே விழுந்தாலும் லேசில் சாகாது, ஓட்டுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், கண்ணை மட்டும் சிமிட்டும். மீன் கண் சிமிட்டுமா என்று யாரும் நம்ப மாட்டார்கள். இது சிமிட்டும். கொளத்தூர் கடைக்காரன் முதல் நாளே காட்டினான், பையோடு தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “பாருங்க சார், கண்ணடிக்குது பாருங்க, உங்க வூட்டம்மாவப் பாத்துதான்.” மனோன்மணி சிரித்தாள். அப்போது அவர் கையில் எத்தனை பை இருந்தது? ஒரு பைக்கு ஒன்று என்று இரண்டு பையா, மூன்று பையா? பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் மடியில் ஒன்று, அவள் மடியில் ஒன்று. மூன்றாவது யார் மடியில்? ஒரே பையில் இரண்டு போட்டிருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒருவேளை செத்திருந்தால்? செத்து, அவரே எடுத்து, தினத்தாளில் சுருட்டி, பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியைத் தோண்டிப் புதைத்திருந்தால்? ஏனென்றால் புதைத்தது ஞாபகம் இருக்கிறது. தாளில் ஈரம் ஊறி எழுத்து கையில் ஒட்டியது ஞாபகம் இருக்கிறது. கரண்டியால் மண்ணைத் தோண்டியதும், மனோன்மணி பக்கத்தில் நின்று “ஆழமா தோண்டுங்க, பூனை எடுத்துடும்” என்றதும் இருக்கிறது. அவள் நின்றாள் என்றால் அது பழைய கதை, முன்பு தொட்டியில் இருந்த பொன் மீன் செத்த கதை. அவள் நிற்கவில்லை என்றால் அது சென்ற வாரமாகக் கூட இருக்கலாம். ஆனால் அவள் எதில்தான் நிற்கவில்லை? அவள் போன பிறகு நடந்த காரியங்களிலும் ஓரமாக வந்து நின்றுகொள்கிறாள். கேஸ் சிலிண்டர் மாற்றும்போது நிற்கிறாள், புது டிவி வந்தபோது நின்றாள், டிவி அவள் செத்து எட்டு மாதம் கழித்து வாங்கியது. நிற்கிறாளா இல்லையா என்பதை வைத்து இனிமேல் எதையும் முடிவு செய்ய முடியாது.

பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி மண் இறுகிக் கிடந்தது. விரலால் குத்திப் பார்த்தார், இறங்கவில்லை. சென்ற வாரம் தோண்டிய மண் இப்படி இருக்காது. சரி, செத்துப் புதைக்கவில்லை. ஒரு சந்தேகம் தீர்ந்தது என்று உள்ளே வந்தவர், இந்த மண்ணுக்கு நாலு நாளாகத் தண்ணீரே ஊற்றவில்லை போலிருக்கிறதே, ஊற்றாத மண் தானாகவே இறுகுமே என்று பாதி வழியில் நின்றார். பொன் மீன் செத்தது இந்தச் சக்கர்களால்தான். அதுவும் யார் தப்பு? கடைக்காரன், “இதுக்குத் தனியா ஒண்ணும் போட வேணாம் சார், அழுக்கத் துன்னு வாழ்ற ஜாதி, கண்ணாடில பாசி வுடாது, டேங்க் கிளீனர்” என்று சொன்னான், எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வான், வாங்கிப்போன எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். பாசி ஒரு மாதத்தில் தீர்ந்தது. கண்ணாடி பளபளவென்று இருந்தது. வந்தவர்கள் எல்லாம் தொட்டி எவ்வளவு சுத்தம் என்றார்கள். ஒரு நாள் பொன் மீனின் விலாவில் வட்டமாகத் தோல் உரிந்திருந்தது, ஒரு பொத்தான் அளவுக்கு. மனோன்மணிதான் கண்டுபிடித்தாள், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது விளக்கைப் போட்டுப் பார்த்தால், தூங்குகிற பொன் மீன்மேல் சக்கர் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறது. “பசிங்க அதுக்கு. அழுக்கத் தின்னா வயிறு ரொம்புமா? உங்களுக்கு அழுக்கத் தட்டுல போட்டுக் குடுத்தா தின்னுவீங்களா?” என்று அவரைத்தான் திட்டினாள். மறுநாளிலிருந்து வெள்ளரிக்காய். இரண்டு வில்லை வெட்டி, ஒரு பழைய எவர்சில்வர் ஸ்பூனில் குத்தி, ஸ்பூன் கனத்தில் அடியில் போய் நிற்கும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் வந்து மொய்த்துக்கொள்ளும். அந்த ஸ்பூன் இன்னும் இருக்கிறது. இரண்டு வில்லையா? மூன்று மீனுக்கு இரண்டு வில்லையா? மூன்றாவது வராது, அதனால் இருக்கும். அவளே சொல்வாளே, “அந்த மூணாவதுதான் ரொம்ப மந்தம், ஒட்டின எடத்த விட்டு நகராது.” அவள் குரலிலேயே கேட்கிறது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேசிப் பேசிப் பழகிய, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைக்கிற குரல். “மூணாவதுக்கு உப்பு ஆகாது, பாத்துக்குங்க.” ஆமாம், இந்த மீனுக்கு உப்பு ஆகாது, மற்ற மீனுக்கு நோய் வந்தால் தண்ணீரில் கல்லுப்பு போடுவார்கள், சக்கர் இருக்கிற தொட்டியில் போட்டால் இதற்குத் தோல் எரியும். அவள் சொன்னாள். மூணாவது என்று சொன்னாள். அவள் சொன்னது அவருக்குப் பொய்யாக ஞாபகம் வருமா? வராது. ஆகவே மூன்று.

மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். சட்டைக் கையை மடக்கினார், மடக்கியது போதவில்லை, தண்ணீர் அக்குள் வரை வந்தது. கட்டைக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார். வால் ஒன்று சட்டென்று உதறிக்கொண்டு போனது, அது எண்ணப்பட்ட வால். சட்டிக்குள் கூழாங்கல். ஃபில்டருக்குப் பின்னால் வழவழப்பு, அதற்குப் பின்னால் கண்ணாடி. வேறு எதுவும் இல்லை. கிளறிவிட்ட கசடு எழும்பித் தண்ணீர் டீ மாதிரி ஆகிவிட்டது. இப்போது இரண்டுகூடத் தெரியவில்லை. இதை அவர்கள் வருவதற்குள் தெளிய வைக்க வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும், சட்டை மாற்ற வேண்டும். மூன்று காரியம். மூன்று என்றாலே இப்போதெல்லாம் அவருக்கு, ஸ்டேஷன் விஷயத்துக்குப் பிறகு ஹேமலதா கூட்டிப் போன டாக்டர்தான் ஞாபகம். அந்த டாக்டர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை, “மூணு வார்த்தை சொல்றேன் சார், ஞாபகம் வெச்சிக்குங்க, கொஞ்ச நேரம் கழிச்சிக் கேப்பேன்” என்றான். எலுமிச்சம்பழம், குடை, இன்னொன்று. கேட்டபோது எலுமிச்சம்பழம் வந்தது, குடை வந்தது. குடை எப்படி மறக்கும், ஸ்டேஷனில் அந்தக் குடையோடுதானே நின்றார். மூன்றாவது வரவில்லை. ஹேமலதா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்காக அவள் வாய் லேசாக அசைந்தது, பரீட்சைக்குப் போன குழந்தைக்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்து விடை சொல்லிக் கொடுப்பதுபோல. அவர் அவள் வாயைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வந்திருக்கும். கௌரவம். எலுமிச்சம்பழம், குடை. எலுமிச்சம்பழம், குடை, மீன். மீன் இல்லை. சீப்பு? கடிகாரம்? டைம் கீப்பரிடம் கடிகாரம் என்று சொல்லியிருந்தால் மறந்திருக்காது. போன் அடித்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார். ஹேமலதாதான். “கிளம்பிட்டோம்பா, கிண்டி தாண்டிட்டோம். சாப்பிட்டாச்சா?” “ரெண்டு பேருக்கு ஆச்சு” என்றது அவர் வாய். “ரெண்டு பேரா? யாருப்பா வந்திருக்கா?” “யாரும் வரல.” “ரெண்டு பேருன்னீங்க?” “ஒருத்தன்தாம்மா. நான்தான். சாப்ட்டேன், நல்லா சாப்ட்டேன், எஸ்தர் கத்திரிக்கா கொழம்பு வெச்சிட்டுப் போச்சு.” “சரிப்பா. நீங்க டென்ஷன் ஆவாம இருங்க.” அவள் வைத்துவிட்டாள். ரெண்டு பேருக்கு ஆச்சு. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? அவர் யோசித்துச் சொல்லவில்லை, யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். வெகு நாள் பழகிய ரூட்டில் டிரைவர் தூக்கத்திலேயே திருப்பம் திரும்புவதுபோல நாக்கு தானாகத் திரும்பியிருக்கிறது. ஆனால் எந்த ரூட்?

நாற்காலி இடம் மாறியிருப்பதை அப்போதுதான் கவனித்தார். அவர் தினமும் உட்காருகிற பிரம்பு நாற்காலி தொட்டிக்கு நேர் எதிரே, நடுவில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடம் ஓரத்தில், ஜன்னல் பக்கம், தொட்டியின் மூலை அவர் மூக்குக்கு நேராக வருகிற மாதிரி. தரையில் நாலு கால் தடமும் இருக்கிறது, பதினொரு வருஷம் உட்கார்ந்த தடம். காலையில் எஸ்தர் தரை துடைக்கும்போது, “இன்னா சாரு, எப்பப் பாத்தாலும் ஓரமா குந்திக்கினு, நேரா குந்திப் பாரு, சினிமா மாதிரி தெரியும்” என்று இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். ஏகாம்பரம் நாற்காலியை இழுத்துத் தடத்தின்மேல் வைத்து உட்கார்ந்தார். கசடு அடங்கிக்கொண்டிருந்தது. கட்டையிலிருந்து விரட்டப்பட்டது பின்சுவரில் போய் ஒட்டியிருந்தது, ஒன்று. முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒன்று, இரண்டு. பக்கக் கண்ணாடியில் ஒன்று, மூன்று. மூன்று! அவர் வாய்விட்டே சொன்னார். மார்பில் கட்டியிருந்த கயிற்றை யாரோ அறுத்துவிட்டதுபோல இருந்தது. ஷெட் இன். எல்லா வண்டியும் வந்தாயிற்று, விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம். அவர்கள் வரட்டும், எது வேண்டுமானாலும் கேட்கட்டும். பிறகு, ஏதோ ஒன்று உறுத்தி, அவர் முன்னால் சாய்ந்தார். முன்கண்ணாடியில் இருந்தது வாயைக் குவித்து விரித்தது. பக்கக் கண்ணாடியில் இருந்ததும் அதே நேரத்தில் குவித்து விரித்தது. இது இடது துடுப்பைச் சிலுப்பியது, அதுவும் சிலுப்பியது. இரண்டும் ஒரே தாளத்தில் தின்றன. அவர் தலையை ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தினார், பக்கக் கண்ணாடியில் இருந்தது மெலிந்து, கோடாகி, இல்லாமல் போனது. மறுபடி இடப்பக்கம் வந்தார், மீன் வந்தது. வலப்பக்கம், போனது. மூலையில் ஒட்டியிருக்கிற ஒரே மீன், இரண்டு கண்ணாடி வழியாக இரண்டு தரம் தெரிகிறது. அவ்வளவுதான். பதினொரு வருஷமாக உட்காருகிற இந்த நாற்காலியிலிருந்து, அந்த மீன் அந்த மூலையில் ஒட்டிக்கொள்கிற வழக்கம் உள்ள மீன் என்பதால், எத்தனை நாளாகவோ ஒரே வண்டியை இரண்டு தரம் எண்ணியிருக்கிறார். டைம் கீப்பர். நல்ல டைம் கீப்பர். அப்படியானால் எதுவும் காணாமல் போகவில்லை, யாரும் சாகவில்லை, அவர் எதையும் புதைத்துவிட்டு மறக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் மனோன்மணி? அவள் இந்த நாற்காலியில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. வெள்ளரிக்காயை மேலிருந்து போடுவாள், கழுத்தை வளைத்து மேலிருந்தே பார்ப்பாள், அவளுக்கு எந்தக் கண்ணாடியும் பொய் சொல்லியிருக்க முடியாது. அவள் ஏன் மூணாவது என்றாள்? மூணாவது மந்தம். மூணாவதுக்கு உப்பு ஆகாது. அவர் பிடிவாதமாக அந்த வாக்கியத்தை அப்படியும் இப்படியும் புரட்டினார். மூணாவதுக்கு உப்பு ஆகாது. மூணாவதுக்கு மட்டுமா? எல்லாம் ஒரே ஜாதி மீன். ஒரே கடை, ஒரே நாள், ஒரே தண்ணீர். ஒன்றுக்கு ஆகாத உப்பு மற்ற இரண்டுக்கு மட்டும் எப்படி ஆகும்?

உப்பு யாருக்கு ஆகாது? அவருக்கு. ரிட்டயர் ஆகி மூன்றாவது வருஷம் தலை சுற்றி விழுந்தபோது பிரஷர் என்று சொல்லி உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மனோன்மணிக்கு அப்போது இன்னும் சர்வீஸ் இருந்தது. அவள் எக்ஸ்சேஞ்சில், அவர் வீட்டில், மீன் தொட்டிக்கு முன்னால் இந்த நாற்காலியில், காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை. மூன்று மணி வாக்கில் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், போன் போடுவாள். “மூணு பேரும் சாப்ட்டாச்சா?” எடுத்த எடுப்பில் அதுதான், ஹலோ கிடையாது. அவர், “ரெண்டு பேருக்கு ஆச்சு. மூணாவது ஆளு இனிமேதான்” என்பார். “அந்த மூணாவதுதான் ரொம்ப மந்தம். ஒட்டின எடத்த விட்டு நகராது. எழுந்து தட்டு போட்டுக்கச் சொல்லுங்க. வெள்ளரிக்கா மிச்சம் இருக்கு, அதுக்கும் ரெண்டு வில்ல வெட்டிக்கச் சொல்லுங்க. மூணாவதுக்கு உப்பு ஆகாது, பாத்துக்குங்க.” பக்கத்து சீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால் சிரிக்காமல், அதே எக்ஸ்சேஞ்சுக் குரலில் சொல்வாள். அவர் இங்கே சிரிப்பார். ஏகாம்பரத்துக்கு இப்போதும் சிரிப்பு வந்தது, தொடர்ந்து கண்ணிலும் ஏதோ வந்தது, ஈரச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபோது பாசி வாடை அடித்தது. நான்தான். அட, நான்தான்யா அந்த மூணாவது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணினால் எப்படிக் கணக்கு வரும்? சரியாகத்தான் இருந்திருக்கிறது, மனோன்மணியின் கணக்கு, எல்லாக் காலத்திலும். ஹேமலதா போனில் சாப்பாடு கேட்டதும் வாய் தானாகப் பதில் சொன்னதும் இதனால்தான். மூளை கெடவில்லை. மூளை பழைய ரூட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு விஷயம் தலையிலிருந்து வால் வரை அவருக்கு முழுசாகப் புரிந்திருந்தது, அதைக் கையில் பிடித்த மீன் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்ற வேண்டும் என்பதும் தரை துடைக்க வேண்டும் என்பதும் அந்த மகிழ்ச்சியில் எங்கேயோ போய்விட்டன. காலிங் பெல் அடித்தது.

“என்னப்பா இது, தரையெல்லாம் தண்ணி!” ஹேமலதா செருப்பை விட மறந்து உள்ளே வந்தாள். “சட்ட ஏன் நனஞ்சிருக்கு? மூடியத் தெறந்து போட்டிருக்கீங்க, வயர் கரண்ட்டுல இருக்குப்பா, கைய விட்டீங்களா?”

“ஒண்ணுமில்லம்மா, ஒரு கணக்கு சரி பாத்தேன்.”

“என்ன மாமா, மீன் புடிக்கிற சோலியா?” பிரபாகர் பேன்ட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தைத் தாண்டினான். “சொல்லியிருந்தா தூண்டில் வாங்கிட்டு வந்திருப்பேனே.”

“நீங்க சும்மா இருங்க” என்று ஹேமலதா கணவனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து அப்பாவின் கையைத் துடைத்தாள். சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல விரல் விரலாகத் துடைத்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. “என்ன கணக்குப்பா?”

“மீன்.”

“தொட்டியில எத்தன மீன் இருக்கு?”

இந்தக் கேள்வியை அவள் டாக்டர் கேட்பதுபோலக் கேட்டாள். அவருக்கு அது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பதில் தன்னிடம் இருக்கிறது, அதுவும் எவ்வளவு அழகான பதில் என்பதுதான்.

“மூணு பேர்” என்றார்.

ஹேமலதா தொட்டியைப் பார்த்தாள். பிரபாகர் குனிந்து, உதடு அசைய எண்ணினான்.

“ரெண்டுதான் மாமா இருக்கு.”

“ரெண்டுதான் மாப்ள. ரெண்டுதான். எனக்குத் தெரியாதா?” ஏகாம்பரம் சிரித்தார். “மூணாவது நான்.”

ஹேமலதா துண்டைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள்.

“இல்லம்மா, அப்பிடிப் பாக்காத. ஒங்கம்மா சொல்வா. தெனம் போன் பண்ணுவா. மூணாவதுக்கு உப்பு ஆகாதுன்னு சொல்வா. அது மீன் இல்ல, நான். இத்தன நாள் நான் அத மீன்னு நெனச்சிட்டிருந்தேன். காரணம் இந்த நாற்காலி. இங்க ஒக்காந்தா மூணு தெரியும். மாப்ள, நீங்க ஒக்காந்து பாருங்க. ஒக்காருங்க சொல்றேன்.”

பிரபாகர் மனைவியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். மூலையில் இருந்த மீன் அதற்குள் இடம் மாறியிருந்தது. “ரெண்டு தெரியுது மாமா” என்றான், மெதுவாக, குற்றம் செய்தவன்போல.

“அது இப்ப நகந்துடுச்சு. எப்பவும் நகராது. கொஞ்சம் இருங்க, வரும்.”

மூன்று பேரும் காத்திருந்தார்கள். மீன் வரவில்லை. ஏகாம்பரத்துக்குத் தான் சொன்னது தன் காதிலேயே திரும்பிக் கேட்டது, ஸ்டேஷனில் மணி வர்ற வண்டி லேட்டு என்று சொன்னபோது கேட்டதுபோல. உள்ளே இருக்கும்போது ஒழுங்காக இருந்தது, வெளியே வந்ததும் வேறு மாதிரி இருந்தது. இதற்குச் சாட்சி சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவளை இப்போது கூப்பிட்டால் இன்னும் மோசமாகும் என்கிற அளவுக்கு அவருக்குத் தெளிவு இருந்தது. “வேணாம் விடு” என்றார். பிறகு, ஏதாவது ஒன்றையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று, “எலுமிச்சம்பழம், குடை” என்றார். மூன்றாவதுக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சாவிப்பா” என்றாள் ஹேமலதா. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சாவி. அத நீங்க நெனப்பு வெச்சிக்க வேணாம். நீங்க எதையும் நெனப்பு வெச்சிக்க வேணாம்பா. நாங்க பாத்துக்கறோம்.”

2019ஆம் ஆண்டு நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை காலை கொளத்தூரிலிருந்து வந்த மீன் கடைக்காரர் இரண்டு சக்கர் மீன்களை மூடி போட்ட பெயின்ட் வாளியில் எடுத்துச் சென்றார். தொட்டி எஸ்தருக்குக் கொடுக்கப்பட்டது. பதினொரு மணிக்கு ஏகாம்பரம் வீட்டைப் பூட்டி, சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, தாம்பரம் போகிற காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.